சென்னையில் உருவான ஹெரால்டு: ஓர் அழகிய சிறு காரின் வரலாறு

கார் வாங்க நினைப்பவர் முதலில் கண்ணால் பார்க்கிறார். பிறகுதான் கணக்குப் பார்க்கிறார். கண் பார்ப்பது வண்ணத்தையும் வளைவையும். கணக்குக் கேட்பதோ வேறு: எத்தனை பேர் அமரலாம், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், பழுதானால் எந்தப் பட்டறையில் பார்ப்பார்கள்? கண்ணும் கணக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வது அரிது. இந்த வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலேயே உற்பத்தி செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சிறு காரின் வரலாறு முழுவதும் இந்த வழக்கின் வரலாறுதான். அதை இயற்பியல் கண்ணோடு படித்தால், அழகு எந்த இடத்தில் பயனுக்குத் துணை நின்றது, எந்த இடத்தில் இடறியது என்பதைத் தெளிவாகக் காணலாம்.

மூன்று கார்களின் காலம்

விடுதலைக்கு முன் இந்தியாவில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து உதிரி உறுப்புகளாகப் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டவை. 1953-இல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, உறுப்புகளைப் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடமளித்தது. வெறுமனே பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்த ஆண்டிற்குள் கடையைக் கட்டின.

எஞ்சிய கார் நிறுவனங்களில் மூன்று முதன்மையானவை. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். மூன்றாவது நிறுவனம் 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. முதலில் வான்கார்டு என்ற பெரிய காரையும், பின்னர் ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்னும் சிறிய கார்களையும் அது வெளியிட்டது.

ஹிந்துஸ்தானின் அம்பாசடர் உருண்டு திரண்ட உடலும் 1489 கன செ.மீ. எஞ்சினும் கொண்ட பெரிய வண்டி. பிரீமியரின் ஃபியட் 1089 கன செ.மீ. எஞ்சின் கொண்டது, நடுத்தர அளவு. இவற்றுக்கிடையே 1961-இல் சென்னைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது ஹெரால்டு. எஞ்சின் 948 கன செ.மீ. மட்டுமே, எடை ஏறக்குறைய 800 கிலோகிராம். ஆயினும் மூன்றிலும் கண்ணைக் கவர்ந்தது அதுதான். கூர்மையான கோடுகள், மெல்லிய கூரைத் தூண்கள், நாற்புறமும் அகன்ற கண்ணாடிகள், பின்புறம் மீன் துடுப்பைப் போல் எழும்பிய விளிம்புகள் எனப் பழைய கார்களுக்கிடையே அது புதுமணப்பெண் போல நின்றது.

அழகை வரைந்தவர்

ஹெரால்டு பிறந்த ஊர் இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி. ஆனால் அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலொட்டி. காரை எப்படி அழகுபடுத்துவது என்று ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தார் தவித்துக்கொண்டிருந்த 1957-ஆம் ஆண்டில், இவர் விரைவாக வரைந்து தந்த வடிவம் அவர்கள் கவலையைத் தீர்த்தது. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அந்தக் கார் இங்கிலாந்தில் வெளியாயிற்று. 1971 வரை அங்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டு வண்டிகள் செய்யப்பட்டன.

1961-இல் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தையே இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் வாங்கிவிட்டது. எண்ணூரில் லாரியும் பஸ்ஸும் செய்துவரும் அசோக் லேலண்டின் பெயரில் உள்ள அதே லேலண்டுதான் அது. ஆக, 1960களில் சென்னையின் வட எல்லையில் உருவான லாரிக்கும் தென் எல்லையில் உருவான சிறு காருக்கும் கடல் கடந்து ஓர் உறவு இருந்தது.

கட்டாயத்தால் வந்த சேஸிஸ்

ஹெரால்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள நாமக்கல்லுக்குப் போனால் போதும். அங்குள்ள பாடி கட்டும் பட்டறைகளுக்குத் தொழிற்சாலையிலிருந்து வருவது வெறும் சேஸிஸ். நீண்ட எஃகுச் சட்டகம், அதில் எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங், அவ்வளவே. அதன்மேல் மரமும் தகடும் கொண்டு பாடியைப் பட்டறைக்காரர்கள் கட்டுகிறார்கள். சுமையைத் தாங்குவது சேஸிஸ். பாடி அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது.

1950களின் இறுதியில் உலகின் சிறு கார்கள் பெரும்பாலும் இந்த முறையைக் கைவிடத் தொடங்கியிருந்தன. தரை, பக்கங்கள், கூரை அனைத்தையும் ஒன்றாகப் பற்றவைத்து, அந்தக் கூடே சுமையைத் தாங்கும்படி செய்வது புது முறை. இதன் சிறப்பைக் காட்ட ஓர் எளிய சோதனை உண்டு. காலணி வாங்கும்போது தரப்படும் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின்றி இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் எளிதில் வளையும். மூடியைப் போட்டு ஓரங்களை ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அதே அட்டை இப்போது எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. மூடிய பெட்டி முறுக்கத்தை எதிர்த்து நிற்கும். எனவே குறைந்த எஃகில் அதிக உறுதி கிடைக்கிறது. வண்டியின் எடையும் குறைகிறது.

அப்படியிருக்க ஹெரால்டு ஏன் பழைய முறைக்குப் போயிற்று? காரணம் இயற்பியலில் இல்லை, வணிகத்தில் இருந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்குப் பாடிகளைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் பற்றவைத்துத் தர வேறு ஆள் எளிதில் அகப்படவில்லை. ஆகவே தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, பாடியின் துண்டுகளை வெவ்வேறு ஆலைகளில் செய்வித்து, எல்லாவற்றையும் போல்ட்டுகளால் இணைத்துக்கொண்டார்கள்.

கட்டாயத்தால் பிறந்த இந்த ஏற்பாடு எதிர்பாராத சில நன்மைகளைத் தந்தது.

அழகும் பயனும் கைகோத்த இடங்கள்

ஹெரால்டின் முன்மூடி மற்றக் கார்களைப் போன்றதன்று. மூடியும் இரு பக்கத் தகடுகளும் விளக்குகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பார்க்க ஒரு வித்தை போலிருக்கும் இந்த அமைப்பு மெக்கானிக்குகளுக்கு ஒரு வரம். எஞ்சினும் முன் அச்சும் ஸ்டியரிங்கும் கைக்கெட்டும் தூரத்தில் முழுவதும் வெட்டவெளியாகிவிடும். முன் டயரின்மேல் அமர்ந்துகொண்டே எஞ்சின் வேலையைப் பார்க்கலாம். வண்டிக்கடியில் படுக்கவோ இருட்டுச் சந்தில் கையை விடவோ தேவையில்லை.

அடுத்தது திரும்பும் திறன். சேஸிஸின் இரு முதுகுச் சட்டங்களும் முன்புறம் நெருங்கி அமைந்திருந்தன. அதனால் முன் சக்கரங்கள் மிக அதிகக் கோணத்திற்குத் திரும்ப இடம் கிடைத்தது. ஹெரால்டு ஒரு முழு வட்டம் அடிக்கத் தேவைப்பட்ட விட்டம் 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர். அம்பாசடருக்கு இது 10.8 மீட்டர். சேலம் கடைவீதியின் குறுகிய தெருவில் அம்பாசடர் முன்னும் பின்னுமாக மூன்று முறை நகர வேண்டிய இடத்தில், ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை இன்னும் நன்றாகப் புலப்படும்.

மூன்றாவதாக, கூரை சுமை தாங்கவில்லை. அட்டைப்பெட்டிச் சோதனையில் மூடியை எடுத்ததும் பெட்டி தளர்ந்ததல்லவா? ஹெரால்டில் உறுதி முழுவதும் கீழேயுள்ள சேஸிஸில் இருந்ததால், கூரையை நீக்கினாலும் வண்டி நொடித்துவிடாது. திறந்த ஹெரால்டு காரை இங்கிலாந்து நிறுவனமே செய்தது. நம் நாட்டிலும் கூரை நீக்கப்பட்ட ஹெரால்டுகள் மாப்பிள்ளை ஊர்வலங்களில் மாலை சூடிச் சென்றதுண்டு.

இந்த மூன்றிலும் அழகும் பயனும் பிணங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிணக்கு வேறோர் இடத்தில் இருந்தது. அது கண்ணுக்கே தெரியாத பின் அச்சு.

பின் அச்சின் இயற்பியல்

மாட்டு வண்டியின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரும்புத் தண்டு. இரு முனைகளிலும் சக்கரங்கள். லாரியின் பின் அச்சும் அம்பாசடரின் பின் அச்சும் அடிப்படையில் இத்தகையவையே. உள்ளே சுழலும் தண்டுகள் இருந்தாலும் வெளி உறை ஒரே துண்டு. இரு சக்கரங்களும் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். இதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மற்றச் சக்கரமும் உடன் சாயும். அச்சின் நடுவிலுள்ள கனத்த பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்து குதிக்கும். உள்ளே இருப்பவருக்கு உடம்பு குலுங்கும்.

ஹெரால்டில் அந்தப் பற்சக்கரப் பெட்டியைச் சேஸிஸோடு பிணைத்துவிட்டார்கள். அதன் இரு பக்கமும் தனித்தனி அரை அச்சு. ஒவ்வொன்றும் பெட்டியருகே ஒரு மூட்டில் அசையும். இரண்டுக்கும் மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். பறவை சிறகசைப்பதுபோல ஒவ்வொரு சக்கரமும் தனியே மேலும் கீழும் போகும். ஊசலச்சு என்று இதைச் சொல்லலாம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது தன் போக்கில் ஓடும். 1959-இல் சிறு கார்களில் இது நாகரிக ஏற்பாடு. விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்பட்டது.

ஆனால் சிறகு அசையும்போது அதன் நுனி ஒரு வில்வட்டத்தில்தானே நகரும்? சக்கரமும் அப்படியே. மேலே போகும்போது அதன் தலை உட்புறமாகச் சாய்கிறது. கீழே வரும்போது வெளிப்புறமாகச் சாய்கிறது. சக்கரம் செங்குத்தாக நிற்பது ஒரே ஒரு நிலையில் மட்டும்.

இப்போது ஒரு வளைவை எண்ணிப் பார்ப்போம். வண்டி வளைந்து செல்ல மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது சாலைக்கும் டயருக்கும் இடையேயுள்ள உராய்வு. ஓட்டுநருடன் சேர்த்து 900 கிலோகிராம் நிறையுள்ள வண்டி, 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்போம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் 2250 நியூட்டன் கிடைக்கும். இது வண்டியின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. உராய்வு எளிதில் தரும். வேகத்தை இரு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகி 9000 நியூட்டனுக்கு ஏறிவிடும். இது வண்டியின் எடைக்கே சமம். சாதாரணச் சாலையும் டயரும் இதைத் தர இயலாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகங்களில்தான் ஊசலச்சின் குணம் வெளிப்படுகிறது. உராய்வு விசை வெளிப்பக்கச் சக்கரத்தின் அடியில், தரையோடு, உள்நோக்கிச் செயல்படுகிறது. அரை அச்சின் மூட்டோ தரைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்த விசை சக்கரத்தின் அடியை வண்டிக்கடியில் தள்ளவும், அதே நேரத்தில் வண்டியின் பின்புறத்தை மேலே தூக்கவும் முயல்கிறது. பின்புறம் உயர்ந்தால் சக்கரம் மேலும் சாய்கிறது. சாய்ந்தால் சாலையைப் பற்றும் பரப்புக் குறைகிறது. பற்றுக் குறைந்தால் பின்புறம் வெளியே வழுக்குகிறது. வளைவின் நடுவில் திடீரென்று வேகத்தைக் குறைப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

இது ஹெரால்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பழைய வண்டிகளிலும் இதே அமைப்பு இருந்தது. அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் காரின் ஊசலச்சைக் கண்டித்து ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூல், கார்களின் பாதுகாப்பைப் பற்றி அந்நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஹெரால்டின் சேஸிஸை ஒட்டிச் செய்யப்பட்ட ஸ்பிட்ஃபயர் காரில், 1970-இல் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இந்தக் குறையை இங்கிலாந்தார் தணித்தார்கள்.

சுமை சொல்லும் கணக்கு

வளைவில் ஏற்படும் தொல்லை, வண்டி வெறுமையாகப் போகும்போது மிகுதி. நம் ஊரில் கார் வெறுமையாகப் போவது எப்போது? ஜலகண்டாபுரம் ஒரு நெசவு ஊர். இங்கிருந்து சேலம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். கார் உள்ள வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்த காலத்தில், ஒரு கார் கிளம்பினால் அதில் வீட்டாருடன் பக்கத்து வீட்டாரும் ஏறுவார்கள். மருத்துவமனைக்கோ தாரமங்கலம் கோயிலுக்கோ போகும் வண்டியில் ஆறு பேரும், பின்பெட்டியில் துணி மூட்டை ஒன்றும் இருப்பது சாதாரணம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு பேர், ஆளுக்கு 60 கிலோகிராம். மூட்டை 40 கிலோகிராம். மொத்தம் 400. ஹெரால்டின் எடையில் இது பாதி. ஏறக்குறைய 1100 கிலோகிராம் எடையுள்ள அம்பாசடருக்கோ இதே சுமை மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். சுமை ஒன்றுதான், இலேசான வண்டி அதை அதிகமாக உணர்கிறது. எஞ்சின் தரும் விசை மாறாமல் நிறை மட்டும் 800-இலிருந்து 1200 ஆனால், நியூட்டனின் இரண்டாம் விதிப்படி முடுக்கம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். 948 கன செ.மீ. எஞ்சின் மேட்டில் முனகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கின் நிலையும் இதுவே. ஹூக் விதிப்படி சுமைக்கு ஏற்ப ஸ்பிரிங் தாழும். பின் இருக்கையும் பின்பெட்டியும் நிரம்பினால் வண்டியின் பின்புறம் இறங்கும். சேஸிஸைப் பொறுத்தவரை சக்கரங்கள் மேலே போனதாகப் பொருள். ஊசலச்சில் அப்போது இரு பின் சக்கரங்களும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து பார்ப்பவருக்குச் சுமை தாங்காமல் காலை அகட்டி நிற்பதுபோல் தோன்றும். சாய்ந்த டயர் முழு அகலத்திலும் தரையைத் தொடுவதில்லை. உள்விளிம்பு மட்டும் தேயும். இரண்டு பேர் செல்வதற்கு இதமாக இருந்த ஏற்பாடு, ஆறு பேர் செல்லும்போது டயர்ச் செலவாக மாறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மாட்டு வண்டி அச்சையும் லாரி அச்சையும் பழகிய பட்டறைக்காரருக்கு அசையும் அரை அச்சு புதிது. சாலையோரத்தில் நின்ற வண்டியை எந்த ஊர்ப் பட்டறையும் சரிசெய்ய முடிந்தால்தான் அந்த வண்டி அந்த ஊருக்கு ஏற்றது. அம்பாசடரின் பலம் அதன் எளிமையும், அதை அறிந்த கைகளின் எண்ணிக்கையும்தான்.

சென்னையில் செய்த மாற்றங்கள்

இங்கே சென்னைத் தொழிற்சாலையின் பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும். வரைபடத்தில் இருந்ததை அப்படியே செய்துகொண்டிருக்காமல், நம் நாட்டுத் தேவைக்கேற்ப இரண்டு பெரிய மாற்றங்களை அவர்கள் செய்தார்கள்.

முதல் மாற்றம் கதவுகளில். இங்கிலாந்தின் ஹெரால்டுக்குக் கதவுகள் இரண்டே. பின் இருக்கைக்குச் செல்ல முன் இருக்கையை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். இரண்டு கதவுகள் மட்டும் இருந்தால் பக்கத்தோற்றம் நீண்ட ஒரே கோடாக அழகாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் சேலை கட்டிய மூதாட்டியும் வேட்டி கட்டிய பெரியவரும் அந்தச் சந்தில் நுழைவதை எண்ணிப் பாருங்கள். அன்றைய இந்தியாவில் கார் வைத்திருந்தவர் பலர் தாமே ஓட்டுவதில்லை. டிரைவர் முன்னால், முதலாளி பின்னால். மரியாதைக்குரிய இருக்கை எதுவோ அதற்கு வழியில்லாத காராக ஹெரால்டு இருந்தது. வாடகைக் காராக ஓட்டுவதற்கும் அது தடை.

1960களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் இத்தகைய ஹெரால்டு விற்கப்பட்டதே இல்லை. பக்கச் சுவர்களே சுமை தாங்கும் கூட்டுக் காரில் புதிதாக இரண்டு கதவுகளுக்கு இடம் வெட்டினால் உறுதி குலையும். முழு வடிவத்தையும் மீண்டும் கணக்கிட வேண்டும். ஹெரால்டில் சுமையைத் தாங்கியது சேஸிஸ் என்பதால் பாடியை மாற்றுவது அவ்வளவு கடினமாக இல்லை. இங்கிலாந்தில் பழமை என்று கருதப்பட்ட சேஸிஸ், இந்தியாவில் புதுமைக்கு இடம் கொடுத்தது.

இரண்டாவது மாற்றம் பின் அச்சில். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பின்வந்த ஸ்டாண்டர்டு கஸெல் காரில் ஊசலச்சை நீக்கிவிட்டு ஒரே துண்டான அச்சைப் பொருத்தினார்கள். விளம்பரத்தில் இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. நாகரிகத்திலிருந்து பழமைக்குத் திரும்பியதுபோல் தோன்றும். ஆனால் சுமைக்கும் சாலைக்கும் பட்டறைக்கும் ஏற்ற முடிவு அது.

இவ்வளவு செய்தும் கார் ஏன் நிலைக்கவில்லை?

இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் 1961-இல் 1147 கன செ.மீட்டராகவும், 1967-இல் 1296 கன செ.மீட்டராகவும் வளர்ந்தது. இந்தியாவில் அது கடைசிவரை 948-இலேயே நின்றது. கதவுகள் கூடி எடை ஏறியபோதும் எஞ்சின் ஏறவில்லை.

இதற்கு நிறுவனத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. எத்தனை கார் செய்யலாம் என்பது உரிமத்தில் எழுதப்பட்டிருந்த காலம் அது. 1970களில் இந்தியா முழுவதும் ஓராண்டில் செய்யப்பட்ட கார்கள் ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. விலையும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. மூன்று கார்களின் விலை நிர்ணயம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கார் செய்வதில் புதிய அச்சுகளுக்கும் எந்திரங்களுக்கும் ஆகும் முதலீடு மிகப் பெரிது. அந்தச் செலவை ஆயிரக்கணக்கான கார்களின்மேல் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் விலையிலும் ஏறும் தொகை சிறிதாகும். மூன்றிலும் குறைந்த எண்ணிக்கையில் விற்ற ஸ்டாண்டர்டுக்கு அந்த வசதி இல்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியதும் கார் வாங்குவோர் மேலும் தயங்கினார்கள். 1977-இல் கஸெல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

நிறுவனம் மீண்டும் ஒரு முறை அழகை நம்பியது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடல்; 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்ற வடிவம். ஆனால் அதற்குள் வைக்கப்பட்டது பழைய வான்கார்டின் வழிவந்த 1991 கன செ.மீ. எஞ்சின். தோற்றத்திற்கு ஏற்ற வேகமும் இல்லை, பெட்ரோல் செலவும் மிகுதி, விலையோ உயர்ந்தது. 1988-இல் அதுவும் நின்றது. ஹெரால்டில் அழகோடு சேர்ந்து வந்த பயன்கள் சில இருந்தன. ஸ்டாண்டர்டு 2000-இல் அழகு மேலாடையாக மட்டுமே இருந்தது.

உள்ளிருந்து தொடங்கிய கார்

ஹெரால்டு வெளியான அதே 1959-இன் ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தில் இன்னொரு சிறு கார் வெளியாயிற்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி. மிக்கெலொட்டி வெளியிலிருந்து வரைந்தார் என்றால், இசிகோனிஸ் உள்ளிருந்து கணக்கிட்டார். பத்தடி நீளத்தில் நான்கு பேர் எப்படி அமர்வது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

ஹெரால்டில் எஞ்சின் நீளவாக்கில் முன்னே இருந்தது. அதன் பின்னே கியர்ப்பெட்டி. அங்கிருந்து பின் சக்கரம்வரை ஒரு நீண்ட தண்டு. வண்டியின் நீளமான 3.9 மீட்டரில் பெரும்பகுதியை இந்த வரிசையே எடுத்துக்கொண்டது. இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே அமைத்தார். முன் சக்கரங்களையே இயங்கச் செய்தார். நீண்ட தண்டு தேவையற்றதாயிற்று. சுமார் 3 மீட்டர் நீளமே உள்ள மினியின் தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. அழகாக இருக்க வேண்டும் என்று அதை யாரும் வரையவில்லை. ஆயினும் பின்னர் உலகமே அதை அழகிய கார் என்று கொண்டாடியது.

இந்தியாவுக்கு அந்தப் பாடம் வந்துசேர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800 காரிலும் எஞ்சின் குறுக்காக இருந்தது. முன் சக்கரங்களே இயங்கின. மூன்று சிலிண்டர்கள், 796 கன செ.மீ.; ஹெரால்டின் எஞ்சினைவிடச் சிறிது. நீளமும் ஹெரால்டைவிட அரை மீட்டருக்கு மேல் குறைவு. ஆனால் சுமை தாங்கும் இலேசான கூடு. பக்கத்திற்கு இரண்டாக நான்கு கதவுகள். தீப்பெட்டிபோல் இருக்கிறதே, இது நம் சாலைக்குத் தாங்குமா என்று கேட்டவர்கள் உண்டு. பெருந்தொகையான உற்பத்தியும், ஊர் ஊராகப் பரவிய பழுதுபார்க்கும் நிலையங்களும் அந்த ஐயத்தைத் தீர்த்தன. ஹெரால்டுக்குக் கிடைக்காத இந்த இரண்டும் அதற்குக் கிடைத்தன.

இன்றைய வாசகருக்கு

இன்று கடைவீதியில் பத்துப் பன்னிரண்டு வகைச் சிறு கார்கள் அழகுப் போட்டி நடத்துகின்றன. ஹெரால்டைச் சோதித்த அதே கேள்விகளை இவற்றிடமும் கேட்கலாம்.

கூரை பின்புறம் அழகாகச் சரிந்து இறங்குகிறதா? பின் இருக்கையில் உயரமானவரை அமர்த்தித் தலை இடிக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் பெரிதாகவும் டயர் மெல்லியதாகவும் இருக்கிறதா? பார்வைக்கு மிடுக்குத்தான், ஆனால் டயருக்குள் உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அதன் தடிமன் குறைந்தால் பள்ளத்தின் அடி நேராக உலோகச் சக்கரத்தில் விழும். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியைத் தனியே சென்றபோது பார்க்காமல், ஐந்து பேர் ஏறிய பிறகு வேகத்தடையின்மேல் ஏற்றிப் பாருங்கள். கடைசியாக, உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் இதைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார் என்று கேளுங்கள். மின்சாரக் காருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அங்கே மின்னேற்றும் நிலையத்தின் தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அழகான காரை விரும்புவதில் தவறில்லை. ஹெரால்டின் முன்மூடியும் அதன் திரும்பும் வட்டமும் அழகும் பயனும் ஒன்றாக இருக்க முடியும் என்று காட்டின. அதன் இரண்டு கதவுகளும் ஊசலச்சும், ஒரு நாட்டில் பொருந்திய அழகு வேறு நாட்டின் சுமைக்கும் சாலைக்கும் பொருந்தாமல் போகலாம் என்று காட்டின. பொருந்தாததைச் சென்னையின் பொறியாளர்கள் கண்டறிந்து திருத்தவும் செய்தார்கள். அந்தத் திருத்தத்தைத் தொடர்ந்து செய்ய முதலும் சந்தையும் உரிமமும் இடம் கொடுத்திருந்தால், சிறு கார் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் குர்கானிலிருந்து வராமல் வண்டலூரிலிருந்தே வந்திருக்கக்கூடும். இன்றும் ஆர்வலர்கள் சிலர் தங்கள் ஹெரால்டுகளைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். பழைய கார்களின் அணிவகுப்பில் அவற்றில் ஒன்றைக் கண்டால், முன்னழகை இரசித்துவிட்டுப் பின்பக்கமும் சென்று, சக்கரங்கள் எப்படி நிற்கின்றன என்று சற்றுக் குனிந்து பாருங்கள்.